வெள்ளிக்கிழமை வரை போடாத கோடு

என் தங்கச்சியின் கணவருக்கு வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. அவை போனது அவருடைய கவனக்குறைவால் என்று எங்கள் தோட்டத்து அலுவலகத்தில் ஒரு கடிதம் இருக்கிறது. அந்தக் கடிதம் சரியில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படி எழுத வழி செய்தவனே நான்தான். வெளிநாட்டில் பேர் வாங்கிய ஓர் இசைத்தொகுப்பும் இருக்கிறது. அதன் நான்காவது உருப்படியைச் சிலர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். அந்த உருப்படி கிடைத்த விதமும் மச்சானின் விரல்கள் போன விதமும் ஒரே கதை.

நாவலப்பிட்டிக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களுக்கு எண்ணெய் போடுவது என் வேலை. தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்லுவோம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு வராது. கல்யாண வீட்டில்கூடச் சாப்பாட்டுப் பந்தியில் கடைசி ஓரத்தில்தான் உட்காருவேன். ஆனால் மெஷினுக்குப் பக்கத்தில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஒரு முழ நீள இரும்புக் கம்பி வைத்திருப்பேன். ஒரு முனையைப் பேரிங் மேல் ஊன்றி, மறு முனையைக் காதில் வைத்துக் கேட்பேன். நல்ல பேரிங் ஒரே இழையாக இரையும். கெட்டுப்போகத் தொடங்கியது நடுவில் மெல்லத் தட்டும். அந்தத் தட்டு வெளியே யாருக்கும் கேட்காது. கம்பி வைத்தவனுக்கு மட்டும் கேட்கும்.

எனக்கு முன்னால் எண்ணெய் போட்டவர் கெட்ட மெஷினைக் கண்டால் ஸ்டோரே அதிரக் கத்துவாராம். எனக்குக் கத்த வராது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவின் அறைக்குப் போய்ச் சொல்லவும் கால் வராது. அதனால் மெஷினின் காலில் வெண்கட்டியால் ஒரு கோடு போடத் தொடங்கினேன். ஃபிட்டர் அதைப் பார்த்துவிட்டுச் சாமானோடு வருவார். நாளடைவில் அது ஸ்டோரின் வழக்கமாகிவிட்டது. புதிதாக வந்த டீமேக்கரும் காலையில் கோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போவார். என் வெட்கத்தால் வந்த வழக்கம் அது.

கோட்டைக் கவனமாகப் பார்க்கிறவர்கள் ரோலர்காரர்கள். ரோலர் என்பது வாடிய கொழுந்தை உருட்டிப் பிசைகிற மெஷின். கீழே ஒரு வட்ட மேசை. அதன் மேலே கொழுந்து நிரப்பிய பெரிய உருளை சுற்றிச் சுற்றி வரும். மேசை ஓரத்தில் கொழுந்து பிதுங்கிக்கொண்டே இருக்கும். மெஷினை நிறுத்திவிட்டுத்தான் அதை உள்ளே தள்ள வேண்டும் என்று சுவரில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. யாரும் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் உருட்டும் நேரம் பிசகும், தேயிலையின் நிறம் போகும், டீமேக்கரின் ஏச்சு வரும். அதனால் உருளை அந்தப் பக்கம் போகும்போது கையை விட்டுத் தள்ளி, அது திரும்பி வருவதற்குள் எடுத்துவிடுவார்கள். கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை அல்ல. தாளத்தில் செய்கிற வேலை. பேசிக்கொண்டே செய்வார்கள், வெற்றிலை மடித்துக்கொண்டே செய்வார்கள். கோடு போட்ட மெஷினில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். நீளக் கம்பு வைத்த தும்புத்தடியால் தள்ளுவார்கள்.

மூன்றாம் நம்பர் ரோலர் மச்சானுடையது. பதினெட்டு வருடம் அவர்தான் அதில் நின்றார். மலையில் வேலை செய்கிறவர்கள் மழையில் நனைந்து அட்டை கடித்து வருவார்கள். ஸ்டோர்காரர்கள் கூரைக்குக் கீழே நிற்பவர்கள். மச்சானுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. வேலைக்கு வரும்போது தலை சீவி, சட்டைக் கையை ஒரே அளவாக மடித்துவிட்டு வருவார்.

அந்த இசைத்தொகுப்பைச் செய்தவரை நான் நானா என்று கூப்பிடுவேன். என்னைவிட ஏழெட்டு வயது குறைந்தவர்தான். ஆனால் கடைகளில் முஸ்லிம் ஆட்களை நாங்கள் அண்ணன் முறையில் அப்படிக் கூப்பிட்டுப் பழகியவர்கள். அக்குறணையில் அவருடைய வாப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. கடைக்கு மேல்மாடியில் நானாவின் ஒலிப்பதிவு அறை. வெளிநாட்டில் போய் அந்த வேலையைப் படித்துவிட்டு வந்தவர். ஒரு தேயிலை விளம்பரத்துக்குச் சத்தம் எடுக்க எங்கள் ஸ்டோருக்கு வந்தார். வேலை முடிந்த பிறகும் போகாமல் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றார். பிறகு தோட்டத்தை நடத்துகிற துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வாரம் இரண்டு தடவை வரத் தொடங்கினார். மெஷின் சத்தத்தை வைத்தே பாட்டு செய்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள், அதற்குத் தனி ரசிகர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு விளக்கினார். நான் தலையாட்டினேன். நம்பவில்லை.

ஸ்டோரில் அவரைக் கேலி செய்யாதவர் இல்லை. சல்லடை அறைப் பெண்கள், நானாவுக்குக் காதில் ஏதோ வருத்தம், வைத்தியர்தான் இங்கே அனுப்பியிருக்கிறார் என்றார்கள். மச்சான் ஒருநாள் அவருடைய மைக்குக்கு முன்னால் போய்த் தும்மிவிட்டு, "இதையும் போடுங்க நானா, நம்ம பேரும் வெளிய தெரியட்டும்" என்றார்.

என்னுடைய கம்பியைக் கண்ட அன்று நானா என்னைப் பிடித்துக்கொண்டார். கம்பியை வாங்கித் தன் காதில் வைத்தார். வெகுநேரம் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு, தன்னிடமும் இதுபோல இரும்பில் ஒட்டிக் கேட்கிற மைக் இருக்கிறது என்றும், ஆனால் எங்கே ஒட்டுவது என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். அன்றிலிருந்து எங்கே ஒட்டுவது என்று நான் காட்டினேன். டிரையரின் காற்றாடியை எந்த நேரத்தில் கேட்க வேண்டும், சல்லடையில் தூள் குறைந்தால் சத்தம் எப்படி மாறும் என்றெல்லாம் சொன்னேன். இவ்வளவும் சொன்னவன் நான்தானா என்று பின்னால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும். அவ்வளவு பேசியிருப்பேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்தச் சத்தங்களைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. இவர் கேட்டார். கேட்டு எழுதியும் கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாம் ரோலரில் கம்பியை வைத்தேன். தட்டு கேட்டது. சும்மா தட்டு அல்ல. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, பிறகு நொண்டிக்கொண்டு மூன்றாவது. வெண்கட்டியை எடுக்கப் பைக்குள் கை விட்டேன். நானா பக்கத்தில் நின்றார். என்ன என்று கேட்டார். கம்பியைக் கொடுத்தேன்.

அவருடைய முகம் மாறியதை இப்போதும் சொல்ல முடியும். சாப்பிடாதவனுக்குச் சோறு வைத்தது போல இருந்தது.

"அண்ணன், இது மிச்சம் நல்லா ஈக்கி" என்றார். "நல்ல மைக் கொழும்புல ஈக்கி. வெள்ளிக்கெழம ஜும்ஆ முடிஞ்சி கொண்டு வாரேன். அது வரைக்கும் இத யாரும் தொட உடாதீங்க."

கோடு போட்டால் ஃபிட்டர் அன்றைக்கே வந்துவிடுவார் என்று சொன்னேன்.

"அப்ப கோடு போடாதீங்களே. மூணு நாள்தானே. தாங்காதா?"

தாங்கும் என்றேன். அது பொய் இல்லை. அந்த மாதிரிச் சத்தம் வந்த பேரிங் பத்து நாள் ஓடியதும் உண்டு. வெண்கட்டியை மறுபடி பைக்குள் போட்டேன். கோடு ஃபிட்டருக்கு மட்டும் போடுகிற கோடு அல்ல என்பது நானாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் அதை நான் நினைத்தேனா என்று பல தடவை என்னைக் கேட்டிருக்கிறேன். நினைத்தேன். நினைத்துத்தான் பைக்குள் போட்டேன்.

வியாழக்கிழமை மச்சான் என்னிடம் கேட்டார். "மூணாம் நம்பரு ஒரு மாதிரி முனகுதே மச்சான், பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒண்ணுமில்ல" என்றேன். அவர் சரி என்று போய்விட்டார். என் காதின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை நானா சொன்ன நேரத்துக்கு வந்தார். மைக்கை ஒட்டினோம். ஒரு மணி நேரம் எடுத்தார். அன்றைக்குத்தான் எனக்கு ஒரு ஆசை வந்தது. எடுத்ததைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்டுப் பார்க்க வாங்க என்று நானா கூப்பிட்டார். யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவருடைய வேனில் ஏறி அக்குறணைக்குப் போனேன். போகும் அவசரத்தில் கோடு போடவில்லை. நாளைக் காலையில் வந்து போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த அறையில் கதிரையில் உட்கார்ந்து மூன்றாம் ரோலரைக் கேட்டேன். சுவர் முழுவதும் அந்தத் தட்டு நொண்டி நடந்தது. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று வீடு போல என்னைச் சுற்றி நின்றது. சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க முடியாது. அங்கேயே படுத்துவிட்டுக் காலையில் பஸ் பிடித்தேன். கண்டியில் இறங்கி மாறும்போது பிந்திவிட்டது.

நான் ஸ்டோருக்குப் போனபோது ஒன்பது மணி. மூன்றாம் ரோலர் நின்றிருந்தது. மேசையைக் கழுவி முடித்திருந்தார்கள். காலையின் முதல் கொழுந்திலேயே பேரிங் உடைந்திருக்கிறது. உருளை அரைச் சுற்றில் சாய்ந்து, வர வேண்டிய நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டது. மச்சானின் கை தன் தாளத்தில்தான் உள்ளே போனது. அவரை நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கண்டிக்கு அனுப்பியிருந்தார்கள்.

பத்து நாளைக்குப் பிறகு விசாரணை. துரை, டீமேக்கர், வெளியிலிருந்து வந்த ஒரு ஆள். மச்சான் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். மெஷின் முனகியது என்றும், என்னிடம் கேட்டபோது ஒன்றுமில்லை என்று நான் சொன்னதாகவும் சொன்னார். குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. தன் ஐயம் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறவர் போலத்தான் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை சத்தம் ஏதாவது இருந்ததா?

"இல்ல சேர்" என்றேன்.

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். ஒரு சொல் சொல்லிவிட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது. உள்ளதைச் சொல்வதென்றால் பத்து வசனம் வேண்டும். இல்லை என்பதற்கு ஒரு சொல் போதும். வெட்கத்தால் அப்படிச் சொன்னேன் என்று பலகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான்.

ஓடுகிற மெஷினில் கையை விட்டார், கை சிக்கியதால் பேரிங் உடைந்தது என்று எழுதினார்கள். பல்லேகலயில் ஒரு பட்டறையிலிருந்து புதுப் பேரிங் வந்து மாட்டினார்கள். மச்சானை ஸ்டோரிலிருந்து எடுத்து மலையில் புல் வெட்டப் போட்டார்கள். மூன்று விரலால் கத்தி பிடிக்கப் பழகினார். நாங்கள் குடியிருக்கிற லயத்தில் ஆட்கள் அவரைத் தூங்குமூஞ்சி என்றார்கள். பதினெட்டு வருடம் நின்ற மெஷினில் கை கொடுத்தவன் வேறு என்னவாக இருப்பான் என்று என் காதுபடவே பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

நானாவிடம் போனில் சொன்னேன். எத்தனை விரல் என்று கேட்டார். பிறகு, "அந்த உருப்படிய எடுத்துடட்டா அண்ணன்?" என்று கேட்டார். எடுத்தால் ஏன் எடுத்தீர்கள் என்று யாராவது கேட்பார்கள் என்று பயந்தேன். இருக்கட்டும் என்றேன். அதோடு இன்னொன்றும் உண்டு. அந்தச் சத்தம் வெளியே வர வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது.

அடுத்த வருடம் தொகுப்பு வெளிவந்தது. மொத்தம் ஆறு உருப்படிகள், எல்லாவற்றுக்கும் மெஷின்களின் பேர்தான். நான்காவது, மூன்றாம் ரோலர். கண்டியில் வாவிக்கு மேலே ஒரு மண்டபத்தில் கேட்கும் கூட்டம் வைத்தார்கள். வெள்ளைக்காரர்கள் சிலர், பல்கலைக்கழகத்து ஆட்கள், கறுப்புச் சட்டை போட்ட இளம் ஆட்கள். என்னை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். துரையும் வந்திருந்தார். மேடையில் ஆள் இல்லை. நாலு ஸ்பீக்கர் மட்டும் இருந்தன. ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு, காய்ச்சல்காரன் போலத் தலையை ஆட்டினார்கள். எனக்கு அது வேலைக்குப் போய் நிற்பது போலத்தான் இருந்தது. ஆனால் எண்ணெய் மணம் இல்லை.

நான்காவது தொடங்கியபோது முதலில் மெஷின் வரவில்லை. என் குரல் வந்தது.

"செவ்வாக்கெழமையில இருந்து இப்பிடித்தான் கெடக்கு. இன்னும் ரெண்டு நாள் தாங்கும்."

வெள்ளிக்கிழமை நானாவிடம் நான் சொன்னது அது. மைக் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. திரும்பித் துரையைப் பார்த்தேன். அவரும் கண்ணை மூடியிருந்தார்.

முடிந்ததும் பேசினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற ஒரு அம்மா என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஓம், உங்கட குரல் வந்த இடத்தில எனக்கு மேல் புல்லரிச்சுப் போச்சு" என்றார். "என்ன வடிவான வசனம். முழு உழைப்பும் அதுக்குள்ள இருக்கு." என்னை எழுந்து ஏதாவது சொல்லச் சொன்னார்கள். எழுந்தேன். வாய் திறக்கவில்லை. அவர்கள் கை தட்டினார்கள். பேசத் தெரியாதவனுக்கு அவ்வளவு நேரம் கை தட்டியதை நான் எங்கும் கண்டதில்லை.

வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் எழுதியிருந்ததை நானா எனக்குப் போனில் தமிழில் சொன்னார். நான்காவதுதான் தொகுப்பின் உயிர் என்றும், அந்த நொண்டித் தாளத்தை எந்தக் கலைஞனும் யோசித்துச் செய்ய முடியாது என்றும் எழுதியிருந்தார்களாம். துரை அந்தப் பக்கத்தைப் பிரேம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார். தொகுப்பைக் கண்டியில் நாலு பேர் வாங்கினார்களோ என்னவோ. ஆனால் ஸ்டோரைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் மூன்றாம் ரோலர் எது என்று கேட்டுப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள்.

எங்கள் ஆட்களுக்கு அது சிரிப்பு. அந்த உருப்படியைப் போனுக்குப் போன் அனுப்பிக்கொண்டார்கள். நாம் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்பதை அவர்கள் காசு கொடுத்து உட்கார்ந்து கேட்கிறார்கள் என்றார்கள். என்னைக் கண்டால், "என்னங்க, இன்னும் ரெண்டு நாள் தாங்குமா?" என்பார்கள். எல்லோரும் அந்த வசனத்தைக் கேட்டார்கள். அது எந்தச் செவ்வாய்க்கிழமை என்று ஒருவரும் கேட்கவில்லை.

மச்சான் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் நான் குளித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து கல்லில் உட்கார்ந்தார். இடது கையால் போனை எடுத்து அந்த உருப்படியைப் போட்டார். முழுவதும் ஓடவிட்டார். பிறகு மறுபடி முதலிலிருந்து போட்டார்.

"இது மூணாம் நம்பரோட பழைய பேரிங்" என்றார்.

ஆமா என்றேன்.

"என்னைக்கு எடுத்தது?"

"வெள்ளிக்கெழம."

"எனக்கு அடிபட்டதுக்கு மொத நாளு."

துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

"அப்ப செவ்வாக்கெழமையே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரிக் கேட்டார். "கோடு போடுற சோக்கு முடிஞ்சி போச்சா மச்சான்? சொல்லியிருந்தா நான் வாங்கிக் குடுத்திருப்பேனே."

எல்லாவற்றையும் சொன்னேன். நானா கேட்டது, நான் பைக்குள் போட்டது, அக்குறணைக்குப் போனது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், துரையிடம் வந்து இதைச் சொல்லுவீர்களா என்று மட்டும் கேட்டார். அந்தக் கடிதத்தை மாற்றினால் தன்னை மறுபடி ஸ்டோருக்குள் எடுப்பார்கள் என்று நம்பினார். மெஷினில் நிற்க முடியாவிட்டாலும் கொழுந்து நிறுக்கலாம், வாசலில் நிற்கலாம். கூரைக்குக் கீழே நின்றால் போதும்.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். துரைக்குத் தமிழ் ஓரளவு வரும். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். நான் இவ்வளவு பேசி அவர் பார்த்ததே இல்லை. அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"இவர் உங்க மச்சான்தானே?" என்றார். "அப்ப சத்தம் இல்ல சொன்னீங்க. இப்ப இருக்கு சொல்றீங்க. நான் எத நம்புற?"

போனில் அந்த உருப்படியைப் போட்டுக் காட்டினேன். அவர் சிரித்தார். அது பாட்டு, கம்ப்யூட்டரில் எதையும் செய்யலாம் என்றார். அவருடைய தலைக்கு மேலே சுவரில் அந்தப் பத்திரிகைப் பக்கம் பிரேமுக்குள் இருந்தது. கடைசியில், அந்த நானாவிடம் எடுத்த நாள் தெரிகிற அசல் பதிவும், அவர் கையெழுத்தில் ஒரு கடிதமும் கொண்டு வந்தால் மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்றார். என்னுடைய வேலை போகலாம் என்பதையும் மறக்காமல் சொன்னார்.

அன்றைக்கே நானாவுக்குப் போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னேன். சனிக்கிழமை வாங்க, பேசுவோம் என்றார். அக்குறணைக்குப் போனேன். மேல்மாடியில் பிளேன்டீ கொடுத்தார். தொகுப்புக்கு வெளிநாட்டில் ஏதோ பரிசு கிடைத்திருப்பதாகவும், அடுத்த மாதம் போகப் போவதாகவும் சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமல், "அண்ணன், நான் அந்தக் குரல எடுத்துட்டேன்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"இன்டர்நெட்ல ஈக்கிறதுல இப்ப மெஷின் மட்டும்தான் ஈக்கி. ஒங்களுக்குக் கரச்சல் வரக் கூடாது எண்டுதான் எடுத்தேன்."

அசல் பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அதைத் தாங்க என்றேன். அவர் தன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒரு சத்தத்துக்காக ஒரு மனுசன்ட கையக் குடுத்தாங்க எண்டு எழுதுவாங்க அண்ணன். பன்னண்டு வருஷமா இந்த ரூமுக்குள்ள ஈந்து செஞ்சது. எனக்கு ஏலா."

நான் சண்டை போடவில்லை. எனக்குத் தெரியாத வேலை அது. வாசலில் அவருடைய வாப்பா ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். சலாம் சொல்வது போலத் தலையசைத்தார். நானும் அசைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நானாவின் மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? அவர் இப்போது பைக்குள் போட்டுக்கொண்டதும் நான் அன்றைக்குப் போட்டுக்கொண்டதும் ஒரே விதம்தான்.

மச்சானிடம் போய்ச் சொன்னேன். தங்கச்சி கதவுக்குள் நின்றாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. நடந்ததைக் கையெழுத்துப் போட்டு நானே எழுதித் துரையிடம் கொடுத்துவிட்டேன், அது அவருடைய மேசை லாச்சிக்குள் கிடக்கிறது என்றேன். துரை கிடக்கட்டும் என்றார் மச்சான்.

"லயத்துல என்னையத் தூங்குமூஞ்சிங்கிறாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார்.

பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடுகிற இடம். ஸ்டோர்காரர்களுக்கு அங்கே வேலை இல்லை. திங்கட்கிழமை நான் போனேன். கங்காணி பேர் வாசித்து முடித்ததும் ஒரு நிமிடம் கேட்டேன். இருநூறு பேர் இருப்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். மெஷின் கெட்டிருந்தது எனக்குத் தெரியும், கோடு போடாமல் விட்டேன், விசாரணையில் பொய் சொன்னேன், கை போனதில் அவர் மேல் பிழை இல்லை. அவ்வளவுதான். அழகாகச் சொல்லவில்லை. நடுவில் இரண்டு தடவை நின்றுவிட்டேன். பின்னாலிருந்து யாரோ, சத்தமாகச் சொல்லுங்க என்றார்கள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்கள். மச்சானும் கத்தியை எடுத்துக்கொண்டு அவர்களோடு போனார். இப்போது அவரைத் தூங்குமூஞ்சி என்று யாரும் சொல்வதில்லை. ஸ்டோருக்குள்ளும் அவரை எடுக்கவில்லை. என்னை எண்ணெய் வேலையிலிருந்து மாற்றி அடுப்புக்கு விறகு போட விட்டார்கள். ரோலர்காரர்கள் எல்லா மெஷினிலும் தும்புத்தடிதான் பிடிக்கிறார்கள். டீமேக்கர் ஏசினாலும் கை வைப்பதில்லை.

தீபாவளிக்குத் தங்கச்சி பலகாரம் கொண்டு வந்தாள். மச்சான் வரவில்லை.